டிக்கிக்குப் போன பேட்டரி

தராசு ரிப்பேர் செய்கிறவருக்குக் கழுத்தை நீட்டினால் வீட்டில் எதுவும் கண் மதிப்பில் நடக்காது. நர்ஸம்மா இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். பிரயாணம் கிளம்பினால் இரண்டு கையிலும் தொங்கும் பைகள் ஒரே எடையில் இருந்தாக வேண்டும் அந்த மனுஷனுக்கு. ஆனால் காரையே எடை போடுவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். டிரைவிங் டெஸ்டில் அவள் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான். வண்டியை ரிவர்ஸ் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னபோது கம்பத்தில் இடித்தாள். கிளினிக்கில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். பதினெட்டு வருஷமாக ஜன்னல் இல்லாத ஊசி அறையில் நின்றவள். அந்த வேலைமேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. திங்கட்கிழமை மூன்றாவது டெஸ்ட். அதிலும் போனால் வேலை வேறொருத்திக்கு.

இரண்டாவது முறை தோற்று வந்த அன்று, அழுகைக்கு நடுவே வாய்க்கு வந்த சாக்கு ஒன்றைச் சொன்னாள். ஸ்டியரிங் ரொம்பக் கனக்கிறதாம். அந்தக் கிழட்டுக் காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது, அது வாஸ்தவம்தான். ஆனால் கனம் என்ற வார்த்தையை யாரிடம் போய்ச் சொன்னாள் பாருங்கள்!

சனிக்கிழமை காலை கடையிலிருந்து நான்கு மேடைத் தராசுகள் வந்து இறங்கின. சக்கரத்துக்கு ஒன்று. காரை அதன்மேல் ஏற்றி, குனிந்து குனிந்து குறித்துக்கொண்டு, முன்பக்கம் கனம், பின்பக்கம் லேசு என்று தராசுக்காரர் தீர்ப்புச் சொன்னார். பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடுமாம். டெஸ்ட் முடியட்டுமே என்று அவள் கெஞ்சினாள். டெஸ்டுக்காகத்தானே செய்கிறேன் என்றார். இதற்கு மேல் அவரிடம் பேசி ஜெயிக்க யாரால் முடியும்?

சும்மா சொல்லக்கூடாது, வேலை படு சுத்தம். விரல் தடிமனில் ஒரு ஒயரை இன்ஜினிலிருந்து கால்மிதிக்கு அடியில் டிக்கிவரை இழுத்தார். தகட்டில் உரசும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போட்டார். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார். பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து வார்போட்டு இறுக்கினார். அதோடு விட்டாரா? பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு வண்டிக்குள் வரக்கூடாதென்று பின்சீட்டுக்குப் பின்னால் பலகை அடைத்து, டிக்கிப் பக்கமிருந்து இருபது ஸ்க்ரூ முடுக்கினார். ஞாயிறு மாலை சாவியைத் திருகியதும் இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அங்கேதான் சனி பிடித்தது. கடையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தராசானாலும் வேலை முடிந்ததும் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைச் சாத்துவார். கை பழக்கத்தில் தானாகப் போனது. பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், டிக்கியைச் சாத்தினார், கை கழுவப் போனார். அந்த டிக்கிக்குச் சாவித் துவாரம் கிடையாது. துருப்பிடித்த பூட்டைப் போன வருஷம் எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் கரண்டில் திறக்கிற பட்டன் வைத்த புண்ணியவானும் இவரேதான்.

திங்கள் காலை ஏழரைக்கு அவள் சாவியைத் திருகினாள். வண்டி மூச்சே விடவில்லை. அவர் வந்து பட்டனை நாலு தடவை அமுக்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார். பட்டனுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒன்பது மணிக்கு டெஸ்ட். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரோ பின்சீட்டைக் கழற்றிப் பலகையை அறுக்கிறேன் என்று ரம்பத்தோடு உள்ளே புகுந்தார்.

டெஸ்டுக்குக் கூட வரவேண்டிய டிரைவிங் டீச்சர் எட்டேகாலுக்குத் தன் காரில் வந்து இறங்கினாள். நிலவரத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தேதி வாங்கலாமே என்றாள். அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். கிளினிக் அதுவரை காத்திருக்காது.

நர்ஸம்மா பானெட்டைத் திறந்து நின்றாள். பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. அந்தத் தடி ஒயரின் முனை அங்கே முடிந்திருந்தது. ஒரு கையில் நரம்பு சிக்காவிட்டால் மறு கையில் ஊசி ஏற்றிப் பழகியவள் அவள்.

"என்னங்க, ரம்பத்தைக் கீழ வைங்க. இந்த ஒயர் நேரா பேட்டரிக்குத்தானே போகுது? டீச்சர் வண்டிலேர்ந்து இதுல கரண்ட் குடுத்தா பட்டன் வேலை செய்யாதா?"

பின்சீட்டில் ரம்பச் சத்தம் நின்றது. அவர் வெளியே வந்தார். டீச்சரின் காரிலிருந்து சிவப்பு ஒயரை அந்த முனையிலும் கறுப்பை இன்ஜின் இரும்பிலும் மாட்டினார். பட்டனை அமுக்கினார். டிக்கி திறந்துகொண்டது. கழற்றி வைத்த கிளாம்பை மாட்டியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மணி எட்டு முப்பத்தைந்து. டீச்சர் தன் காரில் பின்னாலேயே வந்தாள்.

டெஸ்ட் மைதானத்தில் ஸ்டியரிங் போன தடவை கனத்த மாதிரியே கனத்தது. ஆனால் காலையிலிருந்து பட்ட பாட்டில் அவளுக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக ஒடித்தாள். வண்டி கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது. அதிகாரி தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டருகே பெஞ்சில் தராசுக்காரர் காத்திருந்தார். காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு ஸ்டியரிங் லேசாக இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லீங்க. அப்படியேதான் இருந்துச்சு."

"அப்படித்தான் இருக்கும். முன் சக்கரத்துக்கு எட்டு கிலோதான் குறைஞ்சிருக்கு, அது கைக்குத் தெரியாது. கணக்குப் போட்டப்பவே எனக்குத் தெரியும்."

அப்புறம் எதற்கு இரண்டு நாள் உயிரைக் கொடுத்து வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"கனக்குதுன்னு சொல்லி அழுத. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதே."

டீச்சரைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டு, அவருக்காக முன்கதவைத் திறந்துவிட்டாள்.