பெட்டி பார்த்த ஏழு நாள்

பவுலுக்கும் எனக்கும் ஆகாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், அவர் வீடு கடைசி, என்னுடையது அதற்கு முந்தியது. தை மாதம் ரப்பர் இலை கொட்டத் தொடங்கினால் போதும், அந்த மனுஷன் தினமும் பின்வாசலில் குவித்து நெருப்பு வைப்பார். அதற்குச் சற்று மேலே ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடம். இரண்டு புகையும் சேர்ந்து இறங்கி, பனியோடு பனியாக எங்கள் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். வெயில் ஏறும்வரை நகராது.

என் மகள் தர்மிளாவுக்கு ஏழு வயது. தை, மாசி இரண்டு மாதமும் அவள் நெஞ்சு விசில் அடிக்கும். போன வருஷம் நாலு தடவை அவளைத் தூக்கிக்கொண்டு யட்டியாந்தோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாஸ்க் மாட்டி மருந்து பிடிக்க வைத்து அனுப்புவார்கள். திரும்பி வந்தால் அதே புகை.

பொறுக்க முடியாமல்தான் டவுனிலுள்ள சுற்றாடல் ஆபிசுக்கு மனு எழுதினேன். லயமே கையெழுத்துப் போட்டது, பவுலைத் தவிர.

"மனு எழுதி இதுவரைக்கும் என்னத்தக் கிழிச்சோம்?" என்றார்.

ஆனால் பதில் வந்தது. காற்றை அளக்க ஏழு நாளைக்குப் பெட்டி வைப்பார்களாம். அளவு மோசமாக இருந்தால் கூடத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொல்வார்களாம். அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்தடியில் வைத்தேன்.

பெட்டி வருவதற்கு முதல் நாள் தோட்டத்தில் எங்களை மேய்க்கும் கண்டாக்கையா நாகலிங்கம் லயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு வெளியாளுங்க வர்றாங்க. லயத்தப் பாக்குற மாதிரி வச்சிருங்க, மானத்த வாங்கிராதீங்க. கூடத்துலயும் ஒரு வாரம் நெருப்ப அணைச்சு கழுவப் போறோம்."

அவ்வளவுதான். வெளியாள் வருகிறான் என்றால் எங்கள் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். துரை வந்தாலும் சரி, நர்ஸ் வந்தாலும் சரி, ஓட்டுக் கேட்க வந்தாலும் சரி. நான்தான் முன்னால் நின்றேன். சாக்கடைக் கானை வாரினோம். இலையைச் சாக்கில் அள்ளி ஆற்றோரம் கொட்டினோம். லயத்து முனைக் கம்பத்தில் பெட்டியைக் கட்டியதும், அதற்கு நேர் கீழே கோலம்கூடப் போட்டேன்.

மூன்றாம் நாள் பவுல் இலையைக் குவித்துக் கொளுத்தினார். எனக்கு வந்த ஆத்திரம்!

"யோவ், அறிவிருக்கா? பெட்டி தொங்குறது கண்ணுக்குத் தெரியல?"

"தெரியுறதாலதான் கொளுத்துறேன். நாம தெனம் திங்கிறத அதுவும் திங்கட்டும்."

"எம்புள்ள நல்லாயிருந்தா ஒனக்கு வயித்தெரிச்சல்!"

ஒரு வாளித் தண்ணீரை நெருப்பில் கொட்டினேன். பாதி அவர் இடுப்புச் சாரத்தில் விழுந்தது. லயமே சிரித்தது. "நல்லாயிரு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்கத் தர்மிளா இருமவில்லை. அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. மடச்சி, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் பெட்டியைக் கழற்ற றிஸாத் என்ற ஆபிசர் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. போனில் கோடு கோடாகக் காட்டினார்.

"சரியான நல்ல காத்து, அக்கா. ஏழு நாளும் பச்சை. டவுன்லகூட இப்படி இல்ல."

"அப்ப கூடத்த மாத்துவாங்களா, சார்?"

"எதுக்கு? இங்க புகையே இல்லையே?"

"சார், இது பொய். நாங்க கூட்டி வச்சோம். கூடத்த அணைச்சிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு நாள் வைங்க."

"நாளைக்கு வேற இடம் போகணும், அக்கா. பெட்டி காட்டினதத்தான் நான் எழுதலாம்."

அவர் ஏணியில் ஏறினார். நான் ஓடினேன். பவுலின் பின்வாசலில் நான் நனைத்த குவியல் அப்படியே கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி வந்து கம்பத்தடியில், கோலத்தின் மேலேயே போட்டுக் கொளுத்தினேன். உள்ளே ஈரம். புகை குபுகுபுவென்று எழுந்தது.

"பாருங்க சார்! இதத்தான் தெனம் திங்கிறோம்! எழுதுங்க!"

றிஸாத் இருமிக்கொண்டே இறங்கினார். பெட்டி அவர் கையில் இருந்தது. "இத நான் வந்ததுமே ஓஃப் பண்ணிட்டேன், அக்கா."

அப்போதுதான் பின்னால் அந்த விசில் சத்தம் கேட்டது. தர்மிளா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வெள்ளை யூனிபோமோடு புகைக்குள் நின்றிருந்தாள். கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

நான் திரும்புவதற்குள் நெருப்பில் தண்ணீர் விழுந்தது. பாதி என் மேல் விழுந்தது. வெறும் வாளியோடு பவுல் நின்றார்.

"புள்ளையத் தூக்குடி!" என்று கத்தினார்.

றிஸாத்தின் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டி எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. தர்மிளா என் மடியிலிருந்து சரிந்து, அதன் மேல் தலையைச் சாய்த்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இதையாவது எழுதுவீங்களா, சார்?" என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.