ஈ நுழையாத வீடு

குபாத்துக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. விடிந்ததிலிருந்து அக்காவின் கூடாரத்துக்கு வெளியே தடியை ஊன்றிக் குனிந்தே நிற்கிறான். தெருமுனையில் யாராவது அழுதுகொண்டு வந்தால் இவனும் குனிந்தபடியே குரலெடுக்க வேண்டும். வந்தவர்கள் கட்டிப்பிடித்துவிட்டு நகர்ந்ததும் நிறுத்த வேண்டும். அடுத்த கும்பல் வரும்வரை நிமிரக் கூடாது. செத்தவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, இருப்பது ஒரு தம்பி மட்டும் என்றால் இந்த நிற்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மேலங்கிக்கு மேல் சுற்றிக் கட்டிய துணி இடுப்பெலும்பை அறுத்தது. பூட்ஸுக்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

முற்றத்துப் பனியை வழித்துவிட்டுப் போட்ட கம்பளிக் கூடாரம் அது. உள்ளே நெருப்பு கிடையாது. துணித் தடுப்புக்குப் பின்னால் ரிஸ்குல் அக்கா கிடந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ஆயுசெல்லாம் மாவு பிசைந்தவள். முந்தாநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், இதயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ரத்தக்கொதிப்புக்காரி என்பது நாரின் நகரத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. குபாத்தும் கேட்கவில்லை.

"டேய், அழுகையில உப்பு கம்மியா இருக்கு" என்றார் ஜாபார் மாமா. அவரும் பக்கத்தில் ஒரு தடியோடு குனிந்து நின்றார். கடைவீதியில் ரொட்டி சுடுகிறவர். எந்தச் சாவிலும் வாயை மூட மாட்டார்.

"கண்ணுலயே உறைஞ்சிருது மாமா."

"நேத்து ராத்திரி உங்க அக்கா வீட்டுக்குள்ளதான் படுத்தேன். அடுப்பே மூட்டல. ஆனாலும் கதகதன்னு இருந்துச்சுடா. காரியமெல்லாம் முடியட்டும், என் கடைக்கும் தெர்மாகோல் ஒட்டிக் குடுத்துரு. சொந்தக்காரன்னு கூலியில கொறைக்கணும், ஆமா."

"பாக்கலாம் மாமா."

"பாக்கலாம்னா ஆகாது. தெரு பூரா கோட்டு மாட்டிவிட்டவன், மாமனுக்கு மட்டும் மாட்ட மாட்டியா?"

தெரு பூரா என்பது உண்மைதான். மூன்று வருஷமாகக் குபாத் ஒரு கம்பெனியில் கூலிக்கு இருந்தான். கடைவீதியின் பழைய கட்டடங்கள், தபால் நிலையம், ஓர் அலுவலகம் என்று சாரம் கட்டி ஏறி, வெளிச்சுவரெல்லாம் குளிர் நுழையாதபடி கைமொத்தத் தெர்மாகோல் பலகை ஒட்டி, வலை போட்டுப் பூசினான். போன இலையுதிர் காலத்தில் தனியாகவே ஆரம்பித்தான். முதல் வீடு அக்காவுடையது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் வரிசையில் நின்றார்கள். "ஒட்டுனா ஈ நுழையாது" என்பான் எல்லோரிடமும்.

கூடாரத்துக் கதவுக் கம்பளி விலகியது. குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு சோனுன். ரிஸ்குல் எழுந்து வரவில்லையே என்று அன்றைக்குக் கதவை நெட்டித் திறந்தவள் அவள்தான். பின்னால் கல்பூபூ கிழவி. இந்தத் தெருவில் எந்தப் பெண் செத்தாலும் தண்ணீர் ஊற்றுவது கிழவியின் கை.

சோனுன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அழாதடா. உங்க அக்கா நல்ல கதிக்குத்தான் போயிருக்கா. கன்னம் ரெண்டும் ஆப்பிள் பழம் மாதிரி செவந்திருக்கு. உதடும் அப்படியே. உசுரோட இருந்தப்பகூட அவளுக்கு அந்த நெறம் இல்ல. அல்லா மேல வச்ச ஈமானோட வெளிச்சம்டா அது."

குபாத்தின் அழுகை நின்றது.

கல்பூபூ பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த கையையே மறுபடியும் தேய்த்தாள். "சோனுன், அன்னைக்கு நீ உள்ள போனப்ப அடுப்புத் தகடு மூடியா இருந்துச்சு?"

"மூடித்தான் இருந்துச்சு. ரிஸ்குல் என்ன சின்னப் பிள்ளையா, சூட்டை வீணா மேல விடுறதுக்கு?"

கிழவி தலையை ஆட்டினாள். குபாத்தை ஒரு தடவை பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அவன் தடியை மாமாவிடம் கொடுத்தான். "பாடையில போட கம்பளம் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான்.

சமையலறையில் அடுப்பு செத்துக் கிடந்தது. புகைபோக்கியின் குறுக்கே செருகுகிற இரும்புத் தகடு அடிவரை தள்ளியிருந்தது. கரி எரிந்து சிவப்புக் கங்கானதும் தகட்டைத் தள்ளி மூடிவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சூடு வெளியே போகாது. கங்கு விடுகிற நச்சுக்காற்றும் போகாது. அதற்கு மணம் இல்லை, நிறமும் இல்லை. மூச்சில் ஏறி ஆளைக் கொன்றால் கன்னத்திலும் உதட்டிலும் மட்டும் சிவப்பாக நிற்கும். ஆனால் பழைய மண்கல் வீடு. ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு, கூரையிடுக்கு என்று ஆயிரம் வழியில் அது கசிந்து போய்விடும். போதாததற்கு, அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி, முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டுத்தான் அந்தக் காலத்தில் சுவர் எழுப்பினார்கள்.

அந்த இடத்தை அண்ணாந்து பார்த்தான். சுவர் வழவழவென்று இருந்தது. அவனே காய்ந்து இறுகுகிற நுரை அடித்து, அவனே பூசி, அவனே வெள்ளையடித்தது. "அந்தப் பொந்து வழியாத்தான்டா பிடரியில ஐஸ் இறங்குது, அடைச்சுரு" என்றாள் அக்கா. அடைத்தான். ஜன்னல் சட்டங்களைச் சுற்றியும் நுரை அடித்து ஒட்டினான். தகட்டை மூடாதே என்று சொல்லவில்லை. காற்று போக ஒரு வழி வேண்டும் என்றும் சொல்லவில்லை.

தெரியாமல் இல்லை. கம்பெனி வேலையில் ஒரு எஞ்சினியர், பலகை ஒட்டிய கட்டடத்துக்கெல்லாம் காற்றுக்குழாய் வைக்கச் சொல்லி உயிரை வாங்கினார். ஒரு பக்கம் போர்த்திவிட்டு இன்னொரு பக்கம் ஓட்டை போடச் சொல்கிறானே பைத்தியக்காரன் என்று சாரத்தின் மேல் உட்கார்ந்து எல்லோரும் சிரித்தார்கள். குபாத்தும் சிரித்தான். பிறகு தனியாக வீடுகளுக்கு ஒட்டப் போனபோது குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. ஓட்டை விடுகிறேன் என்று சொன்னால் எவன் வேலை கொடுப்பான்?

அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இரும்பு சில்லென்று கையில் ஒட்டியது.

கிழவிக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ் வரும். உடம்பை அறுத்துப் பார்ப்பார்கள். அக்காவைக் கொன்றவன் என்று மாமா முதற்கொண்டு காறித் துப்புவார்கள். பெண்டாட்டி, பிள்ளை எப்படி இந்தத் தெருவில் நடக்கும்? அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. குளிப்பாட்டியவள் உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம். கல்பூபூ சொல்ல மாட்டாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அக்கா மண்ணுக்குள் போய்விடுவாள். அதோடு முடிந்தது.

மூச்சு இலேசாக வந்தது. அப்படி வந்ததே அவனுக்குப் பயமாக இருந்தது.

"குபாத்! எங்கடா போன? தூக்கப் போறாங்க!" மாமாவின் குரல்.

கம்பளத்தோடு வெளியே ஓடினான். வெள்ளைக் கபன் துணி சுற்றிய அக்காவைப் பாடையில் கிடத்திக் கம்பளம் போர்த்தினார்கள். பெண்களின் ஒப்பாரி உச்சத்துக்குப் போய் உடைந்தது. ஆண்கள் பாடையைத் தெருவுக்குக் கொண்டுவந்து பனிமேல் இறக்கிவிட்டு வரிசை கட்டினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

வாசலைக் கடக்கும்போது சோனுன் அவன் கையைத் தொட்டாள். "பிள்ளைங்களப் பத்திக் கவலப்படாத தம்பி. குளிர்ல நிக்க வேணாம்னு எல்லாத்தையும் நம்ம வீட்டுல படுக்க வச்சிட்டேன். உன் பொண்ணு நஜிக்கும் அங்கதான். குளிப்பாட்ட வர்றதுக்கு முன்னால அடுப்பு நெறைய கரி போட்டு, கங்கானதும் தகட்டை நல்லா மூடிட்டேன். நீ செஞ்ச வேலைக்கு ஒரு சொட்டு சூடு வெளிய போகுதா பாரு! கும்முனு தூங்குதுங்க."

அதற்குள் யாரோ அவன் முழங்கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப் போனார்கள்.

தொழுகை நடத்தும் மோல்தோ வரிசைகளைப் பார்த்துத் திரும்பினார். "மக்களே, இந்த ரிஸ்குல் எப்பேர்ப்பட்ட மனுஷி?"

"நல்லவ!" என்றது கூட்டம். "நல்ல மனுஷி!"

சோனுன் வீடு. அக்கா வீட்டை முடித்த அதே வாரம். அதே நுரை, அதே பூச்சு. அவள் வீட்டு ஓட்டையையும் அவன்தான் அடைத்தான். ஒரு ஆளை அனுப்பலாமா? என்ன சொல்லி அனுப்புவது? தகட்டைத் திற என்றால் எதற்கு என்று கேட்பான். எதற்கு என்று சொன்னால் இவளும் அதனால்தான் செத்தாளா என்பான். பிள்ளைகளுக்குப் பால் கொடு, சட்டை போடு, ஏதாவது. ஏதாவது ஒன்று. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நின்றான். பாடைக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு எட்டு. நின்றுகொண்டே இருந்தான்.

"குபாத், முன்னால வாப்பா" என்றார் மோல்தோ. "செத்தவளோட கடனுக்குப் பொறுப்பு சொல்லு."

ஓடினான்.

பின்னால் யாரோ "யா அல்லா" என்றார்கள். மாமா "டேய், டேய்" என்று கத்தினார். பாடையை விட்டு ஓடுகிற தம்பியை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

சோனுன் வீட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. புகை இல்லை. நாற்றம் இல்லை. சுவரோரம் மெத்தைகளில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள், பஞ்சுப் போர்வைக்கு வெளியே தலை மட்டும் தெரிய. பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. தகட்டை வெறுங்கையால் இழுத்தான். உள்ளங்கைத் தோல் அதிலேயே நின்றது. ஜன்னல் கொண்டியைத் திருகினான். சட்டம் அசையவில்லை, சுற்றிலும் அவன் அடித்த நுரை கல்லாக இறுகியிருந்தது. முழங்கையால் கண்ணாடியை உடைத்தான்.

நஜிக்கைத் தூக்கினான். ஈரத்துணிபோலத் தொங்கினாள். வெளியே பனியில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓடினான். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக இழுத்தான். ஒரு பையன் படியிலேயே வாந்தி எடுத்தான். ஒருத்தி எழுந்து இரண்டடி நடந்து குப்புற விழுந்தாள். மாமாவின் பேத்தி மட்டும் கண்ணே திறக்கவில்லை. கன்னத்தில் அறைந்தான். சிவந்த கன்னம். மறுபடி அறைந்தான். பனியை அள்ளி முகத்தில் தேய்த்தான். வாயைக் கோணி, கடைசியில் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அவன் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, தலை வலிக்குது" என்றாள் நஜிக்.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. "என் ஜன்னலு!" என்று ஆரம்பித்த சோனுன், பிள்ளைகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா ஆச்சு?" மாமா பேத்தியை அள்ளி மேலங்கிக்குள் பொத்திக்கொண்டார். "சொல்லித் தொலைடா!"

"சூடு... சூடு அதிகமாயிருச்சு மாமா."

கல்பூபூ பனியிலேயே சப்பணம் போட்டு, வாந்தியெடுத்த பையனின் தலையை மடியில் வைத்திருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தாள். அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து பையனின் வாயைத் துடைத்தாள்.

பிள்ளைகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கப் போனான். மற்றவர்கள் குபாத்தைக் கைத்தாங்கலாகத் திருப்பி அழைத்துப் போனார்கள். சூரியன் மலையில் இறங்குவதற்குள் மண் போட்டாக வேண்டும்.

வரிசை மறுபடி கூடியது. யாரும் அவனைத் திட்டவில்லை. மோல்தோ தொண்டையைச் செருமினார்.

"சொல்லுப்பா. அக்கா யாருக்காவது கடன் பட்டிருந்தா நீ தீர்க்கிறன்னு சொல்லு. அவளுக்கு யாராவது கடன் பட்டிருந்தா மன்னிச்சாச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

குபாத் பாடைக்கு முன்னால் போய் நின்றான். வெந்த உள்ளங்கையில் காற்று ஊசியாய்க் குத்தியது.

"எங்க அக்கா யாருக்காவது கடன் பட்டிருந்தா என்கிட்ட கேளுங்க. நான் தீர்க்கிறேன்."

"ம்."

"அவளுக்குக் கடன் பட்டவங்கள..." நிறுத்தினான். மோல்தோ காத்திருந்தார். "மன்னிச்சாச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

வரிசைகளில் ஒரு சலசலப்பு.

"கடன்காரன் நான். உங்களுக்கும்தான். சோனுன் அக்கா வீட்டுக்கு அடுப்புக்கு மேல ஒரு ஓட்டை. வாத்தியார் வீட்டுக்கு ஒண்ணு. லாரிக்காரர் வீட்டுக்கு ஒண்ணு. கசாப்புக் கடை அண்ணனுக்கு ஒண்ணு. நான் அடைச்சது. இன்னைக்கே வந்து உடைச்சு விடுறேன். அதுவரைக்கும் யாரும் தகட்டை மூடாதீங்க. வீட்டுல ஆள் இருந்தா இப்பவே ஓடிப் போய்த் திறங்க."

முதலில் கசாப்புக் கடைக்காரர் கழுத்தைத் திருப்பினார். பிறகு ஒவ்வொருவராகத் தொழுகை வரிசையில் நின்றபடியே தங்கள் வீட்டுப் புகைபோக்கியைத் தேடிப் பார்த்தார்கள். இரண்டு பேர் வரிசையை விட்டு ஓடினார்கள்.

மோல்தோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முடிஞ்சுதாப்பா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான் குபாத். "அக்கா வீட்டுக்கு ஒரு ஓட்டை."