இரண்டு கற்பனை ஊர்களும் ஒரு கடப்பும்

நூலக வாசகர் வட்டத்தில் இதுவரை பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் வரவேற்புரையும் நன்றியுரையும்தான். முதன்முதலாகச் சிபானா ரீச்சருக்கு ஒரு முழு உரை கிடைத்திருந்தது. நாளைக்குப் பேச வேண்டும். தலைப்பு: நாவல்களில் வரும் பொன்னான ஊர்களும் பொல்லாத ஊர்களும். அது கல்முனையில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும்; மூத்தவள் ஹாஜறா ராத்தாவுக்குத் தெரிந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

உரைதான் நகரவில்லை. அவள் எடுத்த பொன்னான ஊரில் வீடுகளுக்குக் கதவில்லை, எல்லாரும் ஒரே மண்டபத்தில் சாப்பிடுகிறார்கள், ஒருவர் சங்கதி மற்றவருக்குத் தெரியும், எல்லாரும் சிரிக்கிறார்கள். பொல்லாத ஊரிலும் கதவில்லை, அதே மண்டபம், அதே சங்கதி, எல்லாரும் நடுங்குகிறார்கள். என்ன வித்தியாசம் என்று எழுதப் போகும்போதெல்லாம் கடப்பால் ராத்தா வந்துவிடுவாள்.

வாப்பா இரண்டு மகள்மாருக்கும் முதுகோடு முதுகாகச் சீதன வீடு கட்டி, நடுமதிலில் ஆள் நுழையும் அளவுக்கு விட்ட திறப்புத்தான் அந்தக் கடப்பு. அதால் வருகிறவர் விருந்தாளி இல்லை. தட்ட வேண்டாம், தேத்தண்ணியும் கொடுக்க வேண்டாம். அன்று காலையில் ராத்தா கறிவேப்பிலைக்கு வந்தாள், கத்தரிக்கோலுக்கு வந்தாள், பிறகு சும்மா வந்தாள்.

"இன்னும் அந்த ரெண்டு ஊரோடதான் மல்லுக்கட்டுறியா புள்ள?"

சிபானாவுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. நாவல் என்ன சொன்னாலும், கதவு வைத்து மூட முடிந்தால்தான் பொன்னான ஊர். முடியாவிட்டால் பொல்லாத ஊர். எழுதினாள். எழுதியதோடு விட்டாளா? புருஷன் றிபாஸை விரட்டி மேசன் சீனிமுகம்மதுவைக் கூப்பிட வைத்தாள்.

"ராத்தா கோவிப்பாவே," என்றான் றிபாஸ்.

"கோவிக்கட்டும் மச்சான். நான் எழுதி முடிக்கணும்."

மத்தியானம் லுஹர்த் தொழுகைக்குள் கடப்பு கல்லால் அடைபட்டது. ஒரு பந்தி எழுதியிருப்பாள், முன்வாசல் கேற்றில் சத்தம்.

ராத்தாதான், தெருவைச் சுற்றி. தெருவால் வருவதென்றால் அபாயா போட வேண்டும். அபாயா போட்ட பிறகு வெறுங்கையோடு வரலாமா? ஒரு தட்டு வட்டிலப்பம். தனியாக வரலாமா? அவள் மாமியாரும் கூட. வாசலால் வந்தால் விருந்தாளி. நல்ல கோப்பையை இறக்கி, தேத்தண்ணி ஊற்றி, மாமியாரின் முழங்கால் வருத்தத்தை முழுவதும் கேட்டாக வேண்டும். கடப்பால் வந்தால் நின்ற நிலையில் போகிறவள், பின்னேரம் அஸர் பாங்கு சொல்லியும் எழும்பவில்லை.

"எழுதினதப் படி, கேப்பம்."

சிபானா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

"அப்ப நான் வந்து போறதுதான் பொல்லாத ஊர் எண்டு நாளைக்கு மைக்குல சொல்லப் போறியா?"

மாமியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அல்லாஹ்வே! உங்கள நான் என்ன சொன்ன ராத்தா?"

"நீ சொல்லல்ல புள்ள. கல்லு சொல்லுது."

சிபானா எழும்பிக் கொல்லைக்கு ஓடினாள். சீனிமுகம்மது அப்போதுதான் பூச்சுக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, கல்லக் கழட்டுங்க! கதவொண்டு போடுங்க. கொண்டி என்ட பக்கம்."

பின்னாலேயே ராத்தாவும் வந்துவிட்டாள். "கதவு நல்லம். என்ட பக்கமும் ஒரு கொண்டி."

"ரெண்டு பக்கமும் பூட்டினா ஆர் தொறக்கிற?" என்றார் சீனிமுகம்மது.

"அவ!" என்றார்கள் இருவரும், ஒருவரையொருவர் காட்டி.

சிபானா உள்ளே போய்ப் பழைய வரியை வெட்டினாள். பொன்னான ஊரில் கதவு இருக்கும், கொண்டி இரண்டு பக்கமும் இருக்கும் என்று எழுதினாள். அடுத்த வரிக்குப் பேனை போவதற்குள் தோளுக்கு மேலால் குரல் வந்தது.

"ம்... பிறகு?"