அன்புச்செல்வனின் ஐந்தடி பத்து

கலையரசனுக்கும் அன்புச்செல்வனுக்கும் வித்தியாசம் மூன்றே அங்குலம்தான். இவன் ஐந்தடி ஏழு, அவன் ஐந்தடி பத்து. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த மூன்று அங்குலம் கலையரசன் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. கபடி கேப்டன் அவன், குரூப் போட்டோவில் நடுவில் நிற்பவன் அவன், இப்போது சங்கராபுரம் டிராக்டர் ஷோரூமில் மேனேஜரும் அவன். போகட்டும், எல்லாவற்றையும் அவனே வாரிக்கட்டிக்கொள்ளட்டும். ஆனால் சுபஸ்ரீயையுமா?

சுபஸ்ரீ மூங்கில்துறைப்பட்டுப் பெண். கள்ளக்குறிச்சியில் காசிநாதன் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் வரன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அந்த மையத்துக்கு மொபைல் ஆப் எழுதுவது கலையரசன் வேலை. அவள் அப்பா மகளின் ஜாதகத்தையும் அங்கேயே பதிந்திருந்தார். அது தெரிந்த மறுநாளே கலையரசன் யாருக்கும் சொல்லாமல் தன் விவரத்தை ஏற்றிவிட்டான். பார்த்தால், அன்புச்செல்வனும் பதிந்திருக்கிறான்!

சர்வரிலிருந்து ஒவ்வொருவரின் விவரமும் ஜேசான் என்ற வடிவில் வரும். வயது என்றால் பக்கத்தில் அதன் மதிப்பு, உயரம் என்றால் பக்கத்தில் அதன் மதிப்பு. ஆப் அதைப் படித்து, பெண்ணின் மதிப்போடு மாப்பிள்ளையின் மதிப்பை ஒப்பிடும். பெண்ணைவிடக் குள்ளமான மாப்பிள்ளையைக் காட்டவே கூடாது என்பது காசிநாதன் கட்டளை. சுபஸ்ரீ ஐந்தடி ஐந்து.

சோதித்துப் பார்த்தபோது அவளுக்கு வந்த வரன்களில் கலையரசன்தான் முதல். அன்புச்செல்வனைக் காணவே காணோம். ஏன் என்று தோண்டிப் பார்த்தான். ஐந்தடி பத்தங்குலத்தை நம் ஊரில் 5.10 என்றுதான் எழுதுவார்கள். போனுக்கு அடி தெரியுமா, அங்குலம் தெரியுமா? அது 5.10-ஐ வெறும் 5.1 என்று படித்து, 5.5-ஐவிடக் கம்மி என்று அன்புச்செல்வனைத் தள்ளிவிட்டிருந்தது. கபடி கேப்டன் குள்ளனாகிவிட்டான்!

திருத்துவதற்குக் கொஞ்ச நேரம் போதும். கலையரசன் திருத்தவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, எவனாவது அதை எடுத்து வெளியே போடுவானா? எழுந்து டீ குடிக்கப் போனான்.

மறுநாள் காலை சுபஸ்ரீ போனும் கையுமாக வந்து நின்றாள்.

"கலை, என் நம்பரைப் போட்டுப் பாத்தேன். அன்பு வரலயே, இன்னா ஆச்சு?"

"உயரம் கம்மி போல" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சிரித்துவிட்டாள். "யாரு, அவரா கம்மி? வெள்ளிமலை பஸ்ல ரெண்டு பேரும் நின்னுக்கினேதான் போனோம். அவரு காதுக்குக்கூட நான் வரல."

வெள்ளிமலை பஸ்ஸா? அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்திலேயே நின்றுகொண்டா? பாவி, அங்கேயும் முந்திக்கொண்டான்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. ரொம்ப நாளா பேசிக்கினு இருக்கோம். லவ்வுன்னு சொன்னா எங்கப்பா வூட்டையே ரெண்டாக்கிடுவாரு. ஆப்புல வந்த வரன்னா மறுபேச்சு பேச மாட்டாரு. அதுக்குன்னுதான் அவரை இங்க பதியச் சொன்னேன். சீக்கிரம் சரி பண்ணு. அப்பா வெளிய குந்திக்கினு இருக்காரு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, கலையரசன் அதைத்தான் செய்தான். புள்ளிக்கு முன்னால் இருப்பதை அடி என்றும், பின்னால் இருப்பதை அங்குலம் என்றும் பிரித்து, எல்லாவற்றையும் அங்குலமாக்கி ஒப்பிடச் சொன்னான். அவள் எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வன் படம் கலையரசன் படத்துக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

"தோ, வந்துட்டாரு!" என்று கைதட்டினாள். அப்புறம் கீழே பார்த்தாள். "இன்னா கலை, உன் போட்டோவும் இருக்குது? டெஸ்ட்டுக்குப் போட்டியா?"

"ஆமா" என்றான். "டெஸ்ட்டுக்குத்தான்."

"அப்ப அத்த எடுத்துடு. அப்பா பாத்தா கொழம்பிடுவாரு."

நிச்சயமாக நீக்கவா என்று ஆப் கேட்டது. அவன் எழுதி வைத்த கேள்விதான். அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஆம் என்று அழுத்தினான்.