நாலு பேர் தூக்கியது

சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை மேஸ்திரி தொடக்கத்திலிருந்து படிக்கவில்லை. வரி வசூலிக்கிறவனை இயேசு கூப்பிடுகிற இடத்தில் விரலை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கிருந்து ஆரம்பித்தார். அதற்கு முன்னால் இருப்பதை விட்டுவிடுவது என்று வரும் வழியில் லாரியிலேயே பேசி முடிவாகியிருந்தது. கை கால் விளங்காத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வந்து, கூட்டத்துக்குள் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிற பகுதி அது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கிடக்கிறவன் வீட்டில் போய் அதைப் படிப்பார்களா என்று டிரைவர்தான் முதலில் கேட்டார். மற்ற மூன்று பேருக்கும் அது சரியாகவே பட்டது. நல்லெண்ணம்தான், வேறொன்றுமில்லை.

நாலு பேரும் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள். மேஸ்திரி ஆள் சேர்ப்பவர். டிரைவர் லாரியும் ஓட்டுவார், ஆள் குறைந்தால் தோளும் கொடுப்பார். மூன்றாவது ஆளை எல்லோரும் குட்டை என்பார்கள். நாலாவது, கட்டிலில் கிடப்பவனின் மைத்துனன், அவன் மனைவியின் தம்பி. கட்டிலில் கிடப்பவனும் அவர்களோடு தூக்கியவன்தான். எவ்வளவு பெரிய பீரோவுக்கு அடியிலும் அசையாமல் நிற்பான் என்று அவனுக்குத் தூண் என்று பெயர் வந்தது. இப்போதும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். மாற்றிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வந்து பார்த்தார்கள். பார்ப்பது என்றால் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஃபேனைப் பார்ப்பது. பேச்சு எந்தப் பக்கம் போனாலும் வேலைக்குள் போய் முட்டியது. வேலைக்குள் போனால் அந்தப் படிக்கட்டில் போய் நின்றது. ஒரு தடவை சர்ச்சிலிருந்து நேராக வந்த மேஸ்திரி, வேறு வழி தெரியாமல், கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து நாலு வரி படித்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கண்ணை வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து வாரம் ஒரு பகுதி. படித்து முடித்ததும் 'இந்தக் கதையில நீ யாரு?' என்று மேஸ்திரி ஒவ்வொருவரையும் கேட்பார். சர்ச்சில் அப்படித்தான் கேட்கிறார்களாம். மீனவன் மகன்கள் இருவரும் வலையைப் போட்டுவிட்டு இயேசு பின்னால் போனபோது, அப்பனோடு படகில் நின்றுவிட்ட கூலியாள் நான்தான் என்றார் டிரைவர். மகன்கள் பாட்டுக்குப் போயிட்டா வலையை எவன் இழுக்கிறது என்று கேட்டார். சீடன் ஒருவனின் மாமியார் காய்ச்சல் விட்டதும் எழுந்து விருந்தாளிகளுக்குப் பரிமாறிய இடத்தில் தூணின் மனைவி மட்டும் சிரித்தாள். காய்ச்சல் போனதும் நேரா அடுப்பங்கரையா, நல்ல அற்புதம் என்றாள்.

வரி வசூலிக்கிறவன் வீட்டு விருந்து வரை படித்துவிட்டு மேஸ்திரி நிமிர்ந்தார்.

"நடுவுல ஒண்ணைக் காணோமே" என்றான் தூண்.

"எதைச் சொல்ற?"

"என்னைத்தான்."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அடுத்த வாரப் பகுதியைத் துணி ஊறுகிற நேரத்தில் மனைவி அவனுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. கரண்ட் பில் படிக்கிற குரலில்தான் படிப்பாள். அவனுக்கு அது போதும். ஒரு வாரத்தை ஓட்ட ஏதாவது வேண்டியிருந்தது.

படிச்சுடுங்கண்ணே, என்ன இப்ப என்றாள் அவள். மேஸ்திரி பக்கத்தைத் திருப்பி, தலையைத் தூக்காமல் படித்தார். வீடு நிறைய ஜனம், வாசலிலும் இடமில்லை. நாலு பேர் மேலே ஏறிக் கூரையைப் பிரித்து, படுக்கையைக் கீழே இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் நம்பிக்கையைப் பார்க்கிறார். கிடக்கிறவனிடம் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்கிறார். வேதம் படித்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பிறகு எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்கிறார். அவன் போகிறான்.

குட்டைக்குப் பொறுக்கவில்லை. வாசல் அடைச்சுக்கிடந்தா ஜன்னலைப் பார்க்கணும், ஜன்னல் இல்லைன்னா குரல் கொடுத்து ஆளை ஒதுக்கணும், எடுத்த எடுப்புல கூரைக்குப் போறவன் தூக்கிப் பழகாதவன் என்றான். அந்த நாலு பேரில் கால்மாட்டுப் பக்கம் நான், உயரத்துக்கு அதுதான் தோது என்று தன் இடத்தையும் சொல்லிவிட்டான். தான் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் என்றார் டிரைவர். மேலேயிருந்து தலையில் மண் கொட்டுகிறபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவன். தூணின் மனைவி, கிடந்தவனுடைய பெண்டாட்டி நான் என்றாள். அவளைப் பத்தி ஒரு வரி இல்லை, இத்தனை காலம் அவனைப் புரட்டிப் போட்டது யாருன்னு ஒருத்தனும் எழுதலை என்றாள். மேஸ்திரி அவள் தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவனைக் கேட்காமல் புத்தகத்தை மூடினார்.

படிக்கட்டில் பாரம் இறக்கும்போது கீழே பிடிக்கிறவன் பின்பக்கமாக இறங்குவான். அவனுக்கு எதுவும் தெரியாது. மேலே பிடிக்கிறவன்தான் கண். படி, படி, இன்னொண்ணு, திருப்பம் என்று அவன் சொல்லச் சொல்ல இவன் காலை வைப்பான். அன்றைக்குக் கீழே தூண், மேலே மைத்துனன். நடுவில் அலமாரி. முதலில் குரல் நின்றது. பிறகு பாரம் வந்தது. பாரத்தைத் தாங்குகிற பட்டை அறுந்துவிட்டது என்று மைத்துனன் சொன்னான். பட்டையை யாரும் தேடிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் படிக்கட்டில் எதையும் பிடிப்பதில்லை. லாரிக்குள் நின்று அடுக்குவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கதவோரம் உட்காருவான், போவான். அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசி இந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

"என்னைக் கேக்கலையே" என்றான் தூண். ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவன் ஒரு வார்த்தை பேசலை, கவனிச்சீங்களா? தூக்குனாங்க, இறக்குனாங்க. மன்னிச்சேன்னாரு, எழுந்திருன்னாரு. உனக்கு என்னடா வேணும்னு ஒருத்தன் கேக்கலை. பாவத்தை மன்னிச்சாராம். படுத்துக் கிடக்கிறவன் என்ன பாவத்தைப் பண்ணிக் கிழிச்சான்?"

மேஸ்திரிக்குச் சர்ச்சில் சொன்ன விளக்கம் ஞாபகம் இருந்தது. அதைச் சொல்ல இது இடமில்லை என்றும் தெரிந்தது. உனக்கு என்னதான் வேணும் என்று மனைவி கேட்டாள்.

"கீழ போகணும்."

வந்த நாளிலிருந்து அவன் அந்த மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் ஏற்றி விட்டுப் போனதோடு சரி. ஊரார் பீரோவையெல்லாம் மாடி மாடியாக இறக்குகிற நாலு பேர் வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கட்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

மனைவி ஒப்பவில்லை. நாலு பேர் தூக்கினா அது திரும்பி வராத பயணம், இன்னொரு தடவை விழுந்தா அள்ளுறது நான்தானே என்றாள். தெருவுல அப்படி என்ன இருக்கு, தெருதான் இருக்கு என்றாள். தூண் மறுத்துப் பேசவில்லை. சட்டை எது துவைத்திருக்கிறது என்று மட்டும் கேட்டான். கொடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள். ஷூவும் வேண்டும் என்றான். எங்க நடந்து கிழிக்கப் போறே என்றபடியே மாட்டி, நாடாவையும் இறுக்கிக் கட்டினாள்.

டிரைவர் லாரியிலிருந்து அகலப் பலகையையும் சாமானுக்குச் சுற்றுகிற கம்பளியையும் பட்டைகளையும் கொண்டுவந்தார். கம்பளியில் பழைய மரத்தூள் வாடை. இந்தப் படிக்கட்டு குறுகல், திருப்பம் வேறு கேடுகெட்ட திருப்பம், தலைமாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சட்டைக் கையை மடித்தார். மைத்துனன் அதற்குள் எழுந்து கதவைத் திறந்திருந்தான். லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்.

"மாப்ள" என்றான் தூண். "தலைமாடு உனக்கு."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாம் மாமா."

"நீ வேணாம்னா நான் படுத்தே கிடக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்."

கால்மாட்டில் குட்டையும் டிரைவரும் பிடித்தார்கள். மேஸ்திரி பக்கவாட்டில். பலகை வாசலைத் தாண்டியது. முதல் படியில் மைத்துனனிடமிருந்து சத்தம் வரவில்லை. டேய், வாயில என்ன, நான் குருடன் மாதிரி இறங்குறேன் என்று குட்டை கீழேயிருந்து திட்டினான். அப்புறம்தான் மைத்துனன் படி என்றான். படி. படி. இன்னொண்ணு. மனைவி பின்னால் தலையணையோடு வந்தாள்.

திருப்பத்தில் பலகை மாட்டிக்கொண்டது. கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அலமாரி என்றால் என்ன செய்வார்கள் என்று நாலு பேருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை. நிமிர்த்துங்க என்று தூணே சொன்னான். மேஸ்திரி பட்டைகளை இன்னொரு முறை இறுக்கினார். கால்மாட்டைத் தரையில் ஊன்றி, தலைமாட்டை மெல்ல மெல்ல மேலே தூக்கினார்கள். சரியாமல் இருக்க ஒருவன் முன்பக்கம் வந்து பலகையை ஆளோடு சேர்த்துக் கட்டிப் பிடிக்க வேண்டும். தலைமாட்டை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு மைத்துனன் வந்து பிடித்தான்.

தூண் நின்றான். பட்டைகளில் தொங்கியபடி என்றாலும் நின்றான். ஷூ இரண்டும் திருப்பத்துத் தரையில் ஒழுங்காகப் பதிந்திருந்தன. ரத்தம் இறங்கி முகம் வெளுத்தது. தலை சுத்துதா என்று மேலேயிருந்து மனைவி கேட்டாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். மைத்துனனின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவன் கைகள் பலகையைச் சுற்றிக் கோத்திருந்தன. கீழே குட்டையும் டிரைவரும் கைகளைத் தூக்கியபடி அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் கீழே யாரோ தெருக் கதவைத் திறந்தார்கள். படிக்கட்டில் வெளிச்சம் ஒரு பட்டையாக ஏறி வந்தது. அதன் பின்னாலேயே காற்றும் வந்து தூணின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டது.