அலிமாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

சவூதியில் தம்மாமிலிருந்து மேலப்பாளையம் வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் என் மனைவி அலிமா பீவி என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." நான் எங்கே உட்கார்ந்தாலும் அங்கே ஒரு துணி கிடக்கும். முன்ஹாலில் ஆறு தையல் மெஷின். சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டுகிறாள். கட்டிலில் தைத்து முடித்த அபாயா அங்கிகள், கல் பதித்தவை ஒரு பக்கம், பதிக்க வேண்டியவை ஒரு பக்கம். புரண்டு படுத்தால் குண்டூசி குத்துகிறது. பதினான்கு வருஷம் பாலைவனத்தில் கிடந்தவனுக்குச் சொந்தக் கட்டிலில் கிடைத்த வரவேற்பு இதுதான்.

விடியலில் ஃபஜர் தொழுதுவிட்டு மெஷினில் உட்காருவாள். சோறு ஒரு கையில், போன் ஒரு கையில். காயல்பட்டினத்துக் கல்யாணம், கடையநல்லூர்க் கல்யாணம் என்று எல்லா மணப்பெண்ணுக்கும் இவள்தான் தைக்க வேண்டுமாம். வேலைக்கு வரும் நஃபீஸத்தும் மற்றப் பிள்ளைகளுமாவது ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள். முதலாளி எங்கே போவாள்?

கல்லூரி ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஷம்ஸியாவிடம் புகார் சொன்னேன்.

"உம்மா அப்படித்தான் வாப்பா. எனக்குப் பழகிட்டு" என்றாள்.

பழகிவிட்டதாம்!

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், அலிமாவிடமும். முடிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வேலை இருக்கும்படி விசா வாங்கி, பாஸ்போர்ட்டை அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வீடு ஒத்துவந்தால் இருப்பது, வராவிட்டால் பேசாமல் கிளம்புவது. இன்னும் இரண்டு மாதம் பாக்கி. போகிற போக்கைப் பார்த்தால் அதற்கு முன்பே கிளம்பிவிடுவேன் போலிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பொறுமை தீர்ந்துபோனது. நானே சோறாக்கி, மீன் ஆணம் காய்ச்சி, இரண்டு தட்டு போட்டு மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்று தரமும் "இந்தா, இந்த ஓரத்த மடிச்சிட்டு வாரேன்" என்றாள். நாலாம் தரம் கூப்பிடவில்லை. வாசலுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு மெஷினும் நின்றன. அப்பாடா என்று உள்ளே வந்தால், அவள் துணிகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறாள், வெளிச்சத்தில் கையால் தைக்க! ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தைத்த கை அவற்றுக்கும் மேலே போலிருக்கிறது.

பின்னாலேயே ஏறினேன்.

"நீ எனக்குப் பொண்டாட்டியா, இல்ல ஊருக்குத் தையக்காரியா?"

"பைய பேசுங்க மச்சான். கீழ பிள்ளைய இருக்கு."

"எதுக்குப் பைய பேசணும்? நாலு மாசமா ஒத்தையில உக்காந்து திங்கேன்!"

அலிமா ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினாலு வருசம் நான் ஒத்தையிலதான் தின்னேன். நீங்க போன புதுசுல போன்ல தெனமும் அழுவேன். அப்ப நீங்க என்ன சொன்னிய? ஞாவகம் இருக்கா?"

எனக்கு இல்லை.

"'சும்மா இருந்தா அப்படித்தான் தோணும். ஒரு மெஷினப் போட்டு எதையாச்சும் தைச்சிக்கிட்டு கெட'ன்னிய. தைச்சேன். அழுகை நின்னுச்சு. தையல நிறுத்துனா அது திரும்ப வந்துருமோன்னு இன்னைக்கும் பயமா வருது. நீங்க குடுத்த மருந்துதான மச்சான்? இப்ப எங்கிட்ட கோவப்படுதிய?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது நான்தான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் ரோஷம்தான் முதலில் வந்தது. "அப்படின்னா நான் திரும்பப் போறேன். விசா இருக்கு" என்றேன்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் என் முகத்தை முழுசாகப் பார்த்தாள்.

"முடிச்சிட்டு வந்தேன்னிய?"

"முடிக்கல."

துணிகளை அள்ளினாள். "பையில இருக்க ஃபியூஸ மாட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மாட்டினேன். மறுபடியும் மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் நஃபீஸத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நாளைக்கு யாரும் வராண்டாம். இனிமே வெள்ளிக்கிழமை மெஷின் ஓடாது. இந்தா, என் போன நீயே வச்சிக்க. யார் கேட்டாலும் சனிக்கிழமைன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பைக்கில் சேரன்மகாதேவிக்குப் போனோம். அவள் கை என் தோளில் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முக்கூடல் வரைகூடப் போகலாம் என்று நினைத்தபோது, "இந்தத் தோள்பட்டைய எவன் தைச்சான்? கோணலா இருக்கு" என்றாள். அத்தனை நேரமும் விரல் என் சட்டைத் தையலைத்தான் தடவிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை.

ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீர் நிறையப் போனது.

"உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு?"

"நல்லா இருக்கு. ஷம்ஸியா பேசுனாளா?"

"நேத்து காலையில பேசுனா. பரீட்சையாம்."

"அங்கன மழை பெஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருவரும் ஒரே படியில்தான் இருந்தோம்.

அப்புறம் பேச்சு வரவில்லை. அவள் துப்பட்டா ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். பதினான்கு வருஷமாகத் தினமும் பேசியவர்கள்தான். ஆனால் போன் கார்டு போட்டுப் பேசிய காலத்திலிருந்தே எங்கள் பேச்சின் நீளம் பத்து நிமிஷம். பிறகு போன் இலவசமான பின்னும் அது கூடவில்லை, ஏனென்றால் எனக்கு ஓவர்டைம் இருந்தது. இதற்காகவா இத்தனை சண்டை போட்டேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். போனில் பழகின வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி அலிமா, வச்சிரட்டா?"

அப்படியே ஆற்றில் இறங்கிவிடலாம் போலிருந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"வைக்காதிய மச்சான்" என்றாள். "தெனமும் இதச் சொல்லணும்னு நெனப்பேன். அதுக்குள்ள வச்சிருவிய."