வடக்குச் சுவரில் நின்ற சூடு

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், எல்ட்ரிட்ஜ் ஃபால்ஸ் ஊர் நூலகத்திலிருந்து, அறைகளைச் சூடாக்கும் பதினான்கு ரேடியேட்டர்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். பாய்லரை அணைத்து மூன்று நாள் ஆகியிருந்ததால் பதின்மூன்றும் சில்லென்றுதான் போயின. வாசிப்பறையின் வடக்குச் சுவரோரம் இருந்த பதினான்காவது மட்டும் பாதிதான் போனது. வார்ப்பிரும்பு லாரியில் ஏறிவிட்டது, அதன் சூடு ஏறவில்லை. இடுப்பு உயரத்தில், ஒன்பது மடிப்புகளோடு, இருந்த இடத்திலேயே நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கை வைத்தால் தெரியும். கழற்ற வந்தவர்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் ஈரக் கையுறைகளை அதன் மேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கையுறைகள் அந்தரத்தில் காய்ந்து கிடந்தன. எடுத்து மாட்டிக்கொண்டு, பதினான்கும் கழற்றப்பட்டன என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கழற்றச் சொன்னது ஊர்தான். மாசசூசெட்ஸில் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்களில் வசந்த காலத்தில் எல்லோரும் பள்ளி விளையாட்டரங்கில் கூடி, கையைத் தூக்கித் தீர்மானம் போடுவது வழக்கம். அந்த வருஷம் பாலத்தடியில் நாய்களை அவிழ்த்துவிடலாமா என்று இரண்டரை மணி நேரம் பேசினார்கள். நூலகம், நகர மன்றம், காவல் நிலையம் மூன்றிலும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு மின்சார ஹீட் பம்ப் வைக்கும் தீர்மானம் பதினோரு நிமிடத்தில் நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நார்பர்ட் பெல்கியும் ஒருவர். நூலகக் கட்டடத்தை இருபத்தேழு வருஷமாகப் பராமரித்து வந்தவர் அவர். பாய்லரில் எந்த இடத்தில் விரிசல் என்பது அவருக்குத்தான் தெரியும். கேஸ் எரிக்காமலே கட்டடம் சூடாகும் என்றால் வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார். தூக்கிய கை தன் சட்டைப்பையில் இருந்ததையே எடுத்துக்கொண்டு போகும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

சட்டைப்பையில் இருந்தது ஒரு சின்னப் பித்தளைச் சாவி. ரேடியேட்டருக்குள் காற்று சிக்கிக்கொண்டால் அந்தச் சாவியைத் திருப்பி வெளியே விடவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்பது இந்த ஊரில் பல் முளைத்த எல்லோருக்கும் தெரியும். நார்பர்ட் மணிக்கு ஒரு தடவை செய்தார், அதுவும் வடக்குச் சுவரோர ரேடியேட்டருக்கு மட்டும். அதன் பக்கத்து நாற்காலியில் ஹெலன் ஸ்விட்டாக் உட்கார்ந்திருப்பார். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். காலை பத்து மணிக்கு வருவார். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, விதைக் கம்பெனிகளின் புத்தகங்களை நாலு மணி வரை படிப்பார். நார்பர்ட் குனிந்து சாவியைத் திருப்புவார், காற்று புஸ்ஸென்று வெளியேறும். “சரியா இருக்கா, மிசஸ் ஸ்விட்டாக்?” என்பார். “நல்லா இருக்கு, மிஸ்டர் பெல்கி,” என்பார் ஹெலன். பத்தொன்பது வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நார்பர்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மில் ரோட்டின் கடைசியில், அக்கம்பக்கத்துக் குரல் காதில் விழாத ஒரு வீட்டில் ஒரு பூனையோடு இருந்தார். ஒரு நாளில் அவர் வாய்திறந்து இன்னொருவரைக் கேட்கும் கேள்வி அது ஒன்றே.

ஹீட் பம்புகள் நன்றாகவே வேலை செய்தன. எல்லா அறையிலும் ஒரே சூடு, காலையிலும் மாலையிலும் ஒரே சூடு. சுவரில் இருந்த சின்னத் திரையை யாரும் தொடவேண்டியதில்லை, பக்கத்து நகரத்தில் ஓர் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். நார்பர்ட்டுக்குப் பெருக்குவதும் துடைப்பதும் மிஞ்சின. வடக்குச் சுவரின் சூட்டைப் பற்றி ஊர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. முதல் வாரம் எல்லோரும் வந்து கை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு அது மிசஸ் ஸ்விட்டாக்கின் இடம் என்று விட்டுவிட்டார்கள். யாரும் இடித்துக்கொள்ளக் கூடாதென்று நூலகர் அர்லீன் போவாஸ் சுற்றிலும் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினார். நாடாவைத் தாண்டிப் போக நார்பர்ட்டுக்குக் காரணம் எதுவும் இல்லை. துடைப்பத்தோடு தூரத்தில் நின்று, ஹெலன் வந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனார். இரும்பே இல்லாத இடத்தில் குனிந்து என்னவென்று கேட்பது?

“அந்தச் சாவிய இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க, பெல்கி? காது கொடையவா?” என்றார் அர்லீன்.

“இருக்கட்டும்,” என்றார் நார்பர்ட்.

ரேடியேட்டர்களைக் கழற்றிய அதே வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறைக் குழாயில் பனிக்கட்டி தொங்கியது. சூடேற்றி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழுது பார்ப்பவரை இரண்டு தடவை அழைத்தார். இயந்திரம் நன்றாகத்தான் எரிகிறது, சூடு வீட்டில் தங்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நார்பர்ட் குல்லாயோடு தூங்கப் பழகிக்கொண்டார். விஷயம் தெரிந்தது ஜனவரியில். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துச் சமையலறையில் படுத்திருந்தார். காலை பத்து அடித்ததும் உறைபனி தரையிலிருந்து சுவரில் ஏற ஆரம்பித்தது. நாள் முழுக்க ஏறியது, நாலு மணிக்கு நின்றது. மறுநாளும் அப்படியே. நூலகம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஏறவில்லை, கூரையிலிருந்து சொட்டியது. பத்து முதல் நாலு வரை யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நார்பர்ட்டுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எழுந்து இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். வருத்தம் இல்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டாம் வருஷம் கெய்ல் டிரெல் வந்தார். ஹீட் பம்புகளைப் பொருத்திக் கொடுத்த பொறியாளர். வேலை முடிந்தது என்று மாநிலத்துக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் வடக்குச் சுவர்ச் சூட்டுக்குக் கட்டம் இல்லை. அதனால் அது போயாக வேண்டும் என்றார்கள். கெய்ல் நாடாவுக்குள் நின்று அளந்து பார்த்தார், பிறகு நார்பர்ட்டை வெளியே அழைத்துப் போய்ப் பனியில் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைக் காட்டினார்.

“நாங்க சூட்ட உண்டாக்கறதில்ல, நார்பர்ட். ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு நகத்தறோம், அவ்வளவுதான்.”

“பனி கொட்டுது. இங்க ஏது சூடு?”

“குளிருக்குள்ளயும் சூடு இருக்கு. அதப் பிடுங்கி எடுக்கத் தெரியணும். உள்ள நிக்குதே, அதுவும் எங்கேர்ந்தோதான் வருது. எங்கயோ ஒரு எடம் வெறைச்சுக் கெடக்கணும். அது மட்டும் தெரிஞ்சா ஒரு மணி நேரத்துல அடைச்சுடுவேன்.”

குளிர்ந்த முனையைத் தேடி கெய்ல் நிலவறை, கூரை, ஆற்றங்கரை எல்லாம் அலைந்தார். எல்லா இடத்துக்கும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போனவர் நார்பர்ட். மூலை முடுக்கெல்லாம் பொறுமையாகக் காட்டினார், கதவுகளைத் திறந்து விட்டார், ஒரு தடவை ஏணியைக் கூடப் பிடித்துக்கொண்டார். மில் ரோடு பக்கம் மட்டும் கையைக் காட்டவில்லை. சூட்டை அடைத்துவிட்டால் ஹெலன் ஸ்விட்டாக் அந்த நாற்காலிக்கு வரமாட்டார். மேல்மாடியிலேயே இருந்துவிடுவார். அதற்கப்புறம் துடைப்பத்தோடு தூரத்தில் நின்று பார்க்கவும் ஒன்றும் இருக்காது. நார்பர்ட்டின் பயம் இது ஒன்றுதான்.

கோடையில் குளிர் விடும் என்று நினைத்திருந்தார். ஆனால் ஹீட் பம்புகள் கோடையில் நூலகத்தைக் குளிர்விக்கவும் செய்தன. வெளியே தார் உருகும் நாளிலும் வாசிப்பறை சிலுசிலுவென்று இருக்க, ஹெலன் பத்து மணிக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். மில் ரோட்டில் ஜூலை மாதம் ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் உறைபனி பூத்தது. பால் மேஜையிலேயே கெடாமல் இருந்தது. மூன்றாம் வருஷம் பூனை எதிர்வீட்டுக்குக் குடிபோய், அங்கிருந்த ஜன்னல் வழியாக முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தது. அதைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார், பிறகு எதற்கென்று விட்டுவிட்டார். சில இரவுகளில் “சரியா இருக்கா?” என்று சத்தமாகக் கேட்டுப் பார்ப்பார். வாயிலிருந்து வந்த ஆவி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலையும். இதற்குத் தனிமை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை, அவரும் வேறு பெயர் தேடவில்லை.

நான்காம் வருஷம் ஆகஸ்ட் மாதம் அவருடைய இடது கால் சுண்டுவிரல் உறைந்து கறுத்தது. மருத்துவர் பனிக்கடி என்று எழுதினார், தேதியைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், விரலை எடுத்துவிட்டு அனுப்பினார். நூலகத்தில் எல்லோரும் சீக்கிரம் குணமாகட்டும் என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அர்லீன் கேட்டபோது, மஞ்சள் நாடாவுக்குள்ளிருந்து ஹெலன் எழுந்தார். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, புழுங்கித் தள்ளும் வெயிலில், கையில்லாத சட்டையோடு மில் ரோட்டில் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் உள்ளிருந்து மூடுபனி படிகளில் வழிந்து ஹெலனின் கணுக்கால் வரை வந்தது. குல்லாயும் இரண்டு ஜாக்கெட்டுமாக நார்பர்ட் ஊன்றுகோலோடு நின்றார்.

“உள்ள குளிருதே, மிஸ்டர் பெல்கி.”

“கொஞ்சம்.”

“எப்பலேர்ந்து?”

“அக்டோபர்லேர்ந்து.”

“எந்த அக்டோபர்?”

நார்பர்ட் ஊன்றுகோலை நகர்த்தி வழி விட்டார். ஹெலன் அவரைத் தாண்டி உள்ளே போனார். சமையலறைச் சுவர் நெடுக வெள்ளையாக இருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் நிதானமாக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. உட்காரும்முன் நாற்காலியில் இருந்த ஐஸைக் கையால் தட்டிவிட்டார். “இப்படிச் சொட்டுதே, எப்பவுமா?” என்றார்.

“இல்ல. இன்னிக்கு நீங்க அங்க உட்காரல்ல. அதான் சொட்டுது,” என்றார் நார்பர்ட். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஹெலன் சுவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணியவருக்கு வருஷங்களை எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

“அந்த நாற்காலி எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, நார்பர்ட்,” என்றார். பெயரைச் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை. “வேர்த்து ஊத்தும். வந்த உடனே ஸ்வெட்டரக் கழட்டறது எதுக்குன்னு நினைச்சீங்க?”

“அப்புறம் ஏன் அங்க...”

“மணிக்கொரு தடவ ஒருத்தர் வந்து, சரியா இருக்கான்னு கேப்பார். என் வீட்ல அப்படிக் கேக்க ஆளில்ல. நாலு வருஷமா அவரும் கேக்கறதில்ல. இன்னிக்குக் கேப்பார், நாளைக்குக் கேப்பார்னு உட்கார்ந்திருந்தேன்.”

அதற்கு மேல் அன்று அவர்கள் பேசியதாகத் தகவல் இல்லை. ஒரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, உதடு நீலம் பாரித்து ஹெலன் வீடு திரும்பினார். மறுநாளிலிருந்து அவர் நூலகத்தில் அந்த நாற்காலியில் உட்காரவில்லை, பத்து மணிக்கு மில் ரோட்டுக்கே வந்தார். மில் ரோட்டில் மூன்று நாள் ஜலப்பிரளயம்தான், சுவர்கள் கறுத்து, தரை தெரிந்தது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு உறைபனி மறுபடியும் ஏறியது. ஹெலன் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வீடில்லாமல் தன் ட்ரக்கிலேயே குடியிருந்த டுவேன் ரிக்கர் நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு, ஈரக் காலுறைகளை அந்தரத்தில் காயப்போட்டுவிட்டு, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாராம்.

“எழுப்பவா?” என்றார் ஹெலன்.

“எதுக்கு? தூங்கட்டும்,” என்றார் நார்பர்ட்.

அந்த இலையுதிர் காலத்தில் நார்பர்ட் ஓய்வு பெற்றார். கெய்ல் டிரெல் கடைசியாக ஒரு தடவை வந்து, எதேச்சையாகவோ என்னவோ மில் ரோடு வழியாகப் போனார். படிகளில் வழிந்த மூடுபனியைக் கொஞ்ச நேரம் காருக்குள்ளிருந்தே பார்த்தார். உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடுவது ஜன்னலில் மங்கலாகத் தெரிந்தது. குளிர்ந்த முனை கண்டுபிடிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரின் ஆண்டறிக்கையில், கட்டடங்கள் என்ற தலைப்பின் கீழ், வடக்குச் சுவர்ச் சூடு நல்ல நிலையில் இருப்பதாக வருஷா வருஷம் ஒரு வரி வருகிறது. ஹெலன் ஸ்விட்டாக் ஞாயிறு தவிர எல்லா நாளும் மில் ரோட்டுக்குப் போகிறார். ஜூலை வெயிலில் கணுக்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டும் கையுறையும் காதை மூடிய குல்லாயுமாக ஒரு பெண்மணி பாலத்தைக் கடந்தால், மணி பத்தாகப் போகிறது என்று கடைக்காரர்கள் கதவைத் திறக்கிறார்கள்.